சாய்ந்தமருதில் ஜும்ஆ நேரத்து மோட்டார் சைக்கிள்

மாஸ்டர், நீங்கள் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரவில்லை. பயப்படக் கற்றுத்தந்தீர்கள்.

உங்கள் பெயரைப் போட மாட்டேன். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், கையில் மைக் வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் ஒருவர்தான். இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும். கோடை முழுக்க அந்த மைதானத்தில் எட்டுப் போட்டேன். ஒவ்வொரு வளைவிலும் உங்கள் கை என் ஹேண்டில்பாரில் இருந்தது. வண்டி கொஞ்சம் ஆடினால் நீங்களே பிடித்து நிறுத்தினீர்கள். ரோட்டுக்கு ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. கேட்டதற்கு, எல்லாப் பெண்கள் முன்னாலும் மைக்கில் சொன்னீர்கள்: "கை நடுங்குற பொம்பளைக்கு ரோடு எதுக்கும்மா? லைசென்ஸ் வாங்கிட்டீல்ல, பீரோல வச்சுக்க."

நான் தனியார் பால் கம்பெனி ஒன்றில் கொள்முதல் மேற்பார்வையாளர். கிராமம் கிராமமாகப் போய்ப் பால் எடுக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்தவரோடு சண்டை போட வேண்டும், கலக்காதவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். இதுவரை கம்பெனி வேனில் போனோம். வேனை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், கியர் வைத்தது. ஓட்டத் தெரியுமா என்று மேனேஜர் கேட்டபோது லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "ஒண்ணாம் தேதி வண்டியோட வந்து நில்லுங்க. இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்குறேன்" என்றார். கணவர் போன பிறகு இந்த வேலையில்தான் வீடு நடக்கிறது. விட முடியாது. ஓட்டவும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் இலங்கைப் பயணம் வந்தது. என் தம்பி சவூதியில் இருந்தபோது ஒரே அறையில் தங்கியிருந்த நஸீர் என்பவரின் தங்கைக்குக் கல்யாணம். ஊர் கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருது. தம்பிக்கு இப்போது பார்க்கிற வேலையில் லீவு கிடைக்கவில்லை. "நீ போய் நில்லு லாத்தா, அவன் எனக்குக் காய்ச்சல்ல கஞ்சி வச்சுக் குடுத்தவன்" என்று பரிசுப் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டான். இலங்கையில் வண்டி ஓட்டுவதற்கு வேண்டிய தாள்களைக் கொழும்பில் முறையாகவே வாங்கினேன். அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எதற்கு வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ரோசத்தில் வாங்கியிருப்பேன்.

பஸ் என்னைச் சாய்ந்தமருதில் இறக்கிவிட்டபோது காலை. பஸ்ஸில் வந்த தூரமெல்லாம் டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. அழைத்துப் போக நஸீர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு அபாயாவும் சிவப்பு ஹெல்மெட்டும் போட்ட ஒரு பெண் கியர் வண்டியில் வந்து, ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"ரஹ்மத் ராத்தாவா? நான் நஸீர்ர பொண்டாட்டி, சிஃபாயா. ஏறுங்க. இந்தா ஹெல்மட்." அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அங்கே ராத்தா.

"நஸீர் தம்பி வரலையா?"

"அவருக்குப் பந்தல் வேல. அவர் வந்தாலும் பின்னுக்குத்தான் இரிப்பார்."

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் புரிந்துவிட்டது. பெண் ஓட்டுகிறாள், பின்னால் கணவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெண் ஓட்டுகிறாள், பின்னால் மாமியார். இரண்டு ஆசிரியைகள் வண்டிகளைப் பக்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டே ஏதோ தலைமை ஆசிரியரைத் திட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் இருக்கிறவர் தலையிலும் ஹெல்மெட். எங்கள் ஊரில் ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து பயணம் செய்யும், தலை வெயிலில் காயும்.

சிஃபாயா கணக்கு டீச்சர். முப்பது வயது இருக்கும், என்னைவிட ரொம்பச் சின்னவள். அபாயா சக்கரத்தில் மாட்டாமல் இருக்க அவள் செய்திருந்த வேலையைப் பார்த்தேன். உள்ளே கால்சட்டை. அபாயாவின் கீழ் ஓரத்தை மடித்து, துணி காயப்போடும் கிளிப்பால் முழங்காலுக்குப் பக்கத்தில் கவ்வ வைத்திருந்தாள். இறங்கியதும் கிளிப்பைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டினாள். அந்தத் தெருவில் நின்ற வண்டிகளில் பாதியில் அப்படிக் கிளிப் தொங்கியது. புர்காவோடு வண்டி ஓட்ட முடியாது என்று நீங்கள் சொன்னீர்களே மாஸ்டர், ஒரு கிளிப்பில் முடிகிற விஷயம் அது.

காலைச் சாப்பாடு இடியப்பம், சொதி, மாசிக் கருவாடு போட்ட சம்பல். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. பிறகு ஒரு சட்டியில் எருமைத் தயிர் வந்தது. தயிர் விஷயத்தில் நான் யாரையும் எளிதில் பாராட்ட மாட்டேன், அது என் தொழில். சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. கரண்டியால் வெட்டினேன், வெட்டிய இடம் வெட்டியபடியே நின்றது, தண்ணீர் விடவில்லை. வாயில் வைத்ததும் அடுத்த கரண்டி எடுத்தேன். எங்கள் கம்பெனி பாக்கெட்டில் அடைத்து விற்பதைத் தயிர் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

"ராத்தா தயிர டெஸ்ட் பண்றா, டீச்சர் கொப்பி திருத்துற மாதிரி" என்றார் நஸீர். நெட்டையான, எதற்கும் சிரிக்கிற மனிதர்.

அப்போதுதான் வாய் தவறி என் வண்டிக் கதையைச் சொன்னேன். மேனேஜர், ஒன்றாம் தேதி, மைக், பீரோ எல்லாம். நஸீர் சிரிக்கவில்லை. சிஃபாயா தட்டைக் கழுவிக்கொண்டே, "லைசன் இரிக்கா?" என்றாள்.

"இருக்கு."

"கை இரிக்கா?"

"இருக்கு, நடுங்கும்."

"நடுங்கட்டும். அசருக்குப் பின்ன வயலுக்குப் போவம்."

அசர் என்கிற சாயங்காலத் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். ஊருக்கு மேற்கே வீடுகள் முடிந்ததும் வயல். கண் போகிற தூரம் வரை நெல், நடுவே நேராக ஒரு கிரவல் வீதி, ஓரத்தில் வாய்க்கால். சிஃபாயா என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினாள். கிளிப்பை என் அபாயாவில் மாட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"பிடிச்சுக்க மாட்டீங்களா?"

"எத?"

"ஹேண்டில. நான் விழுந்தா?"

"நான் பிடிச்சா அது என்ர பைக். நீங்க பிடிச்சா உங்கட பைக். எடுங்க."

எடுத்தேன். வண்டி தவளை மாதிரித் தாவி நின்றுவிட்டது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் நின்றது. அவள் கையை அவிழ்க்கவில்லை. "கிளச்ச எறியாதீங்க ராத்தா, மெல்ல விடுங்க" என்று மட்டும் சொன்னாள். எத்தனையாவது தடவையோ வண்டி ஓட ஆரம்பித்தது. சந்தோஷத்தில் கத்தினேன். கத்தியதில் முன்னால் பார்க்க மறந்து, இரண்டு பேரும் வண்டியோடு வாய்க்காலுக்குள் போனோம்.

முழங்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு. வரப்பில் நின்ற விவசாயி ஒருவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "டீச்சர், இந்தப் போகத்துக்கு விதைச்சு முடிஞ்சி. இனி உழத் தேவல்ல" என்றார். சிஃபாயா சேற்றிலிருந்து எழுந்தபடி, "உங்கட பொண்டாட்டி பழகக்குள்ள உங்கட வேலிய உடைச்சத்த மறந்திட்டீங்களா காக்கா?" என்றாள். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தூக்க வந்தார். தூக்கி வீதியில் வைத்தபின் சீட்டில் உட்காரப் போனார். "நீங்க வெச்சிட்டுப் போங்க, அவ எடுப்பா" என்று சிஃபாயா விரட்டினாள்.

நான்தான் எடுத்தேன். ஈரத் துணியோடு வீடு வரை ஓட்டினேன். வழியில் எருமைகள் வீதியை அடைத்துக்கொண்டு வந்தபோது சிஃபாயா முதல் முறையாகப் பதறினாள். "நிப்பாட்டுங்க ராத்தா, நிப்பாட்டுங்க!" எனக்கு அங்கேதான் பயம் போனது. மாடு என் ஆள். மாடு முன்னால்தான் நடக்கும், அதன் வாலுக்குப் பின்னால் போனால் வழி கிடைக்கும். வால் வாலாகப் பார்த்துப் புகுந்து வந்துவிட்டேன். "இது எங்கட ஊர்ல ஆருக்கும் தெரியா" என்றாள் சிஃபாயா. பாராட்டு என்று அவளிடமிருந்து வந்தது அதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. வயலில் ஓட்டியதால் தைரியம் வந்து, கல்முனைப் பஸார்வரை போகலாம் என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிரதான வீதியில் ஏறியதும் இடதுபக்கம் ஆட்டோ, வலதுபக்கம் லாரி, பின்னால் கொழும்பு பஸ். ஹார்ன் சத்தம் முதுகுத்தண்டில் ஏறியது. சந்தியில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தாள்களையெல்லாம் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிஃபாயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன சொல்றாரு?"

"எல்லாம் சரியாம். கண்ணையும் திறந்து வெச்சி ஓட்டினா நல்லமாம்."

போலீஸ்காரர் சிரித்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலும் வரவில்லை. இறங்கி ஓரமாக நின்றுவிட்டேன். வண்டியைச் சிஃபாயா ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வீடு வந்தேன். என் காதில் உங்கள் மைக்தான் கேட்டது மாஸ்டர். பீரோல வச்சுக்க, பீரோல வச்சுக்க. மத்தியானம் மீன் ஆணமும் சோறும் வைத்தார்கள். நல்ல மீன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் சிஃபாயா பால் சேர்க்காத இஞ்சிப் பிளேன்ட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

"அதுக்கு?"

"நானும் இப்புடித்தான் அழுதன். ரோட்டப் பழகோணும், வாகனம் இரிக்கப்படா. அதுக்கு ஒரு நேரம் இரிக்கு."

எங்கள் ஊரிலும் வெள்ளி மத்தியான ஜும்ஆ தொழுகை உண்டு. அந்த நேரத்தில் நாங்கள் பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குள் இருக்கிறார்கள், கடைகள் மூடியிருக்கின்றன, ரோடு சும்மா கிடக்கிறது என்பது இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. சாய்ந்தமருதுப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் கடைகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஆண்கள் வெள்ளை ஜுப்பாவும் சாரமுமாக அத்தர் வாசத்தோடு பள்ளிக்குள் போனார்கள். பள்ளிக்கு வெளியே வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கொஞ்ச நேரத்தில் வீதியில் ஆள் இல்லை. அப்புறம் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து, அதாவது சந்துகளிலிருந்து, ஹெல்மெட்டுகள் எட்டிப் பார்த்தன. சிவப்பு, நீலம், பூப்போட்டது. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஒருத்தி கணவனின் வண்டியோடு, ஒருத்தி அண்ணனின் வண்டியோடு, ஒருத்தி யாருடையது என்று சொல்லாத வண்டியோடு. அவள் பெயர் மர்ளியா. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல்.

"இந்தியாக்காரியா? வாங்க வாங்க! இந்தியாவில ரோடே இல்லயா, இஞ்ச வந்து பழகிறீங்க?"

"ரோடு இருக்கு, ஆள் விடமாட்டாங்க" என்றேன்.

"இஞ்ச மட்டும் விட்டாங்களாக்கும்! நாங்க கேட்கல்ல, வந்திட்டம்."

சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. எல்லாரும் ஹெல்மெட், பழகுகிறவர்கள் வண்டியில் 'எல்' பலகை, பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருத்தி. சிஃபாயா இந்தத் தடவை என் பின்னால் ஏறவில்லை. பெரிய பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு மூடிய கடை நிழலில் நின்றுகொண்டாள். "காரைதீவு எல்லை வரைக்கும் போங்க, திரும்பி வாங்க. குத்பா முடிஞ்ச உடன எங்க நிண்டாலும் ஒழுங்கைக்குள்ள இறங்கிருங்க. விளங்கினதா?"

"விளங்குச்சு." தொழுகைக்கு முந்தின பிரசங்கம்தான் குத்பா, அது எனக்குத் தெரியாதா?

விளங்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் தடவை போனதை இப்போது நினைத்தாலும் மேனி சிலிர்க்கிறது. நேற்று என்னைக் கடித்துத் துப்பிய அதே வீதி. இன்று அகலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு, எனக்காகவே துடைத்து வைத்த மாதிரி. எப்போதாவது ஒரு வெளியூர் பஸ் வரும், ஒதுங்கி வழி விட்டேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கடலோரக் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்தது. ஒலிபெருக்கியில் மௌலவி தமிழில், பக்கத்து வீட்டானின் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளியின் குரல் தேய்ந்தால் அடுத்த பள்ளியின் குரல் வந்தது. மர்ளியா எதிரே வந்து, ஹார்னைத் தேவையே இல்லாமல் அடித்துவிட்டுப் போனாள்.

காரைதீவு தமிழ் இந்துக்களின் ஊர். அந்த எல்லையில் வெள்ளிக்கிழமை முடிந்து வெறும் கிழமை தொடங்குகிறது. கடைகள் திறந்திருந்தன, ஆண்கள் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லையில் முதல் கடைக்காரர் இந்தப் பெண்களை வாராவாரம் பார்க்கிறவர் போல. நான் திரும்புவதற்குத் தடுமாறியபோது கல்லாவில் இருந்தபடியே, "அக்கா, கடைக்கு முன்னுக்கு அகலமாக் கிடக்கு, இதால திருப்புங்க. போன கிழமை ஒராள் என்ர வாழைக்குலையோட திருப்பினவ" என்றார்.

சரியாகத் திருப்பினேன். ஊர்வரை வந்தேன். சிஃபாயா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடியும் போனேன். இரண்டாவது தடவை காரைதீவு எல்லையை நெருங்கியபோது மௌலவியின் தமிழ்ப் பேச்சு முடிந்தது. துஆ ஓதினார்கள்.

என் கணக்கு இது. எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழில் பேசுவது பயான். பயான் முடிந்த பிறகு அவரவர் தனியாகச் சுன்னத் தொழுகை தொழுவார்கள். பிறகு இன்னொரு பாங்கு. பிறகுதான் இமாம் மிம்பர் மேடையில் ஏறி அரபியில் குத்பா ஓதுவார். அதன் பிறகு தொழுகை. அதனால் பயான் முடிந்தால் நிறைய நேரம் இருக்கிறது, தம் போட்ட அடுப்பை அணைக்கக்கூட வேண்டாம். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை எனக்கு அப்படித்தான்.

கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். "அக்கா, முடிஞ்சுது! இனிச் சனம் வெளிய வரும். இதில நிப்பாட்டிட்டு இருந்து போங்க."

"இல்ல தம்பி, இப்பதான் பயான் முடிஞ்சிருக்கு. குத்பா இனிமேதான்" என்றேன். ஜும்ஆவைப் பற்றி எனக்கு இந்தக் கடைக்காரர் சொல்லித்தருகிறாரா என்று உள்ளுக்குள் ஒரு கொழுப்பும் இருந்தது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்கட ஊர்ல எப்புடியோ, எனக்குத் தெரியா. இஞ்ச இவ்வளவுதான்" என்றார்.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

சாய்ந்தமருதில் மௌலவி தமிழில் பேசியதுதான் குத்பா. அது முடிந்ததும் இகாமத் சொல்லி இரண்டு ரக்அத் தொழுகை, ஸலாம், அவ்வளவுதான். பள்ளிவாசலுக்கு முன்னால் நான் வந்து சேர்ந்தபோது கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. வெள்ளை வெள்ளையாக ஆண்கள் வீதிக்கு இறங்கினார்கள். வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக உறுமின. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் ஆள். மர்ளியாவையும் மற்றவர்களையும் காணோம். அவர்கள் எப்போதோ ஒழுங்கைகளுக்குள் இறங்கியிருந்தார்கள்.

வண்டி நின்றுவிட்டது. நடு வீதியில், எல்லாரும் பார்க்க.

வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹார்னை அமுக்கினார். "ராத்தா, அசருக்கும் இஞ்சயா தொழுற?" என்று கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, மரியாதையாகத்தான், கையை என் ஹேண்டில்பாரை நோக்கி நீட்டினார். "தாங்க ராத்தா, நான் ஓரத்தில வெச்சுத் தாறன்."

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உங்கள் கைதான் தெரிந்தது மாஸ்டர்.

"தொடவேணாம்!" வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிஃபாயாவின் குரல். வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். "ஆரும் தொடவேணாம்! அவ எடுப்பா!"

நீட்டிய கை பின்வாங்கியது. "டீச்சர்ர ஆளா?" என்றார் அவர். கூட்டத்துக்குள்ளிருந்து நஸீர் வந்தார். அவராவது வந்து வண்டியை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் என் பக்கம் வரவில்லை. ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "பொறுங்க மச்சான். உங்கட பொண்டாட்டி போன வருசம் இதே இடத்திலதான் நிண்டா. நாங்க ஹோன் அடிச்சமா?" கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என்மேல் இல்லை. ஆட்டோக்காரர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. உதைத்தேன், எஞ்சின் பிடித்தது. கிளச்சைப் பிடித்து முதல் கியர் போட்டேன். மெல்ல விட்டேன். நின்றுவிட்டது. அத்தனை ஆண்கள் ஒரு பெண்ணுக்காகப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. மறுபடியும் உதைத்தேன். மறுபடியும் மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அந்த வழியின் நடுவில் ஒரு பசு, தனக்கும் ஜும்ஆவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி நின்றது. எனக்கு முன்னால் போன இரண்டு இளைஞர்கள் அதன் தலைப்பக்கமாகப் புகுந்தார்கள், அது முன்னால் நடந்து மறித்தது, பிரேக் அடித்து நின்றார்கள். நான் வாலுக்குப் பின்னால் போனேன். போய்க்கொண்டே இருந்தேன். வீட்டு ஒழுங்கையைத் தாண்டிவிட்டேன். நிறுத்தத் தெரியாமல் இல்லை, நிறுத்த மனசு வரவில்லை. நேற்று நான் பயந்து இறங்கிய கல்முனைச் சந்திவரை, அந்த முழு நெரிசலுக்குள்ளும் போய்த் திரும்பி வந்தேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்குகிற கையாலும் வண்டி ஓடும்.

வீட்டு வாசலில் சிஃபாயா இடுப்பில் கை வைத்து நின்றாள். "குத்பா முடிஞ்சா இறங்கச் செல்லித்தானே விட்டன்?"

என் கணக்கைச் சொன்னேன். பயான், சுன்னத், இரண்டாம் பாங்கு, அரபுக் குத்பா. அவள் கேட்டுக்கொண்டே இருந்து படியில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பில் நிற்க முடியவில்லை. நஸீர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடல் தாண்டி வந்தும் உங்கட பள்ளி நேரத்தையும் கொண்டு வந்திட்டீங்க ராத்தா!" மர்ளியா செய்தி கேட்டு ஓடி வந்து, "அடுத்த கிழமை நானும் இறங்கமாட்டன், எனக்கும் ஒருக்கா எல்லாரும் வழி விடட்டும்" என்றாள்.

சனிக்கிழமை கல்யாணம். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதற்குப் பெயர் சஹன். நெய்ச்சோறு, இறைச்சி, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். என் பக்கத்துக் கறியை எதிரே இருந்தவள் இரண்டு தடவை தள்ளிவிட்டாள், விருந்தாளி என்பதால். அங்கே கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வீடு பெண்ணின் பெயரில். நல்லது. ஆனால் அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் சகோதரனும் சவூதி வெயிலில் வருடக்கணக்காகக் காய்கிறார்கள். அதை நான் புகழ மாட்டேன். நஸீரும் என் தம்பியும் ஒரே அறையில் காய்ந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

மண்டபத்துக்குத் தம்பியின் பரிசுப் பெட்டியைக் கொண்டுபோனது நான்தான். நான் ஓட்டினேன். நஸீர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் யாரோ, "என்ன மச்சான், டிரைவர் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். "இந்தியாவில இரிந்து எடுப்பிச்சது" என்றார் அவர்.

கிளம்பும்போது சிஃபாயா எனக்கு ஒரு கிளிப் தந்தாள். பச்சை நிறம்.

ஒன்றாம் தேதி கம்பெனி வண்டியை நானே எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் சாவியின் நகலை எடுத்துக் கொடுத்தார். இப்போது தினமும் காலையில் பால் எடுக்கும் ஊர்களுக்குப் போய்விட்டு, உங்கள் மைதானத்தைத் தாண்டித்தான் திரும்புகிறேன் மாஸ்டர். நீங்கள் பார்க்கிறீர்கள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறீர்கள். நேற்றும் ஒரு பெண் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், உங்கள் கை அவள் ஹேண்டில்பாரில் இருந்தது.

எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். போன் பண்ண வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். என்னைச் சொன்னது மைக்கில். பதிலும் மைக்கில் வர வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பெண்களும் மைதானத்தில் நிற்கும்போது, அதே மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த பெண்களில் யாரை நீங்கள் ரோட்டுக்குக் கூட்டிப் போனீர்கள்? ஒருத்தியின் பெயராவது சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் அதையும் அந்த மைக்கிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுங்கள். நான் மைதானத்து வாசலில் வண்டியோடு நிற்பேன்.